கறுப்பா, மஞ்சளா? பழனி மலைத் தேனீயை எதைக் கொண்டு அடையாளம் காண்பது

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கம் காப்பித் தோட்டங்களில் வைத்திருக்கும் தேன்பெட்டிகளில் இன்று இரண்டு விதமான இந்தியத் தேனீ இருக்கிறது. ஒன்று, மலையிலேயே மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் வாழ்ந்துவரும் கறுப்புத் தேனீ. இன்னொன்று, சமவெளியிலிருந்து பெட்டியோடு மேலே ஏறிய மஞ்சள் தேனீ. 1991, 92-ல் தாய் சாக்புரூட் (தாய்லாந்து சாக்புரூட்) என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவி, வளர்ப்புக் கூட்டங்களில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டது. அதற்குப் பிறகு தேனீ வளர்ப்பைத் திரும்ப எழுப்பியவர்கள் எங்கே கூட்டம் கிடைத்ததோ அங்கே வாங்கினார்கள். மார்த்தாண்டத்துப் பெட்டி மலைக்கு வந்தது. மலைப் பொந்தில் பிடித்த கூட்டம் அடிவாரத்துக்குப் போனது. மலைத் தேனீயைப் பெருக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறவர்கூட, தன் பெட்டியில் இருப்பது மலைத் தேனீதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை இப்போது.

அறிவியல் பக்கத்திலும் இது சூடான விஷயம். இந்தியத் தேனீக்கு 1793-ல் ஏபிஸ் செரானா என்று பெயர் வைத்தவர் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ். 1798-ல் அவரே ஏபிஸ் இண்டிகா என்று இன்னொரு பெயரும் வைத்தார். பின்னால் வந்தவர்கள் இரண்டும் ஒரே இனம்தான் என்று இண்டிகாவைத் துணை இனமாக இறக்கிவிட்டார்கள். 2006-ல் வந்த ஓர் ஆய்வு, தென்னிந்தியாவின் கறுப்பும் மஞ்சளும் தங்களுக்குள் இனக்கலப்பு செய்வதில்லை என்பதற்குச் சான்று இருப்பதாகச் சொன்னது. 2022-ல் கேரள ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கறுப்புத் தேனீக்கு ஏபிஸ் கரிஞ்சொடியன் என்று தனி இனப் பெயரே கொடுத்தார்கள். அவர்கள் முன்வைத்த முக்கியச் சான்றுகளில் ஒன்று சிறகு நரம்புகளை அளந்து கணக்கிடும் ஒரு குறியீடு. இந்தப் பெயரை எல்லா வகைப்பாட்டாளர்களும் ஒரே மனதாக ஏற்றுக்கொண்டுவிட்டதாகச் சொல்ல முடியாது. விவாதம் நடக்கும், நடக்கட்டும். நமக்கு வேண்டியது, நம் மலையில் நம் கையில் இருக்கும் கூட்டத்தை அடையாளம் காண ஒரு நம்பகமான வழி.

வழிகள் ஐந்து கண்ணில் படுகின்றன: நிறம் பார்ப்பது, நீள அகலங்களை அளப்பது, சிறகின் வடிவத்தைப் புள்ளிகளாக எடுப்பது, டி.என்.ஏ. சோதனை, ஆண் தேனீ பறக்கும் நேரத்தைக் குறிப்பது. எது சிறந்தது என்று பொதுவில் கேட்டால் பதில் கிடையாது. "என் பெட்டியில் இருப்பது எது?" என்பது ஒரு கேள்வி. "இரண்டும் தனித்தனி இனமா?" என்பது வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல கல்லூரித் திட்டக் கட்டுரைகள் எங்கும் போய்ச் சேராமல் நிற்கின்றன.

நிறம்

"மேல இருக்கிறது கறுப்பு, கீழ இருந்து வந்தது மஞ்சள், பாத்தாலே தெரியுமே சார்" என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் தேனீயின் வயிற்று நிறம், கூட்டுப்புழுவாக இருந்தபோது கிடைத்த வெப்பத்தையும் பொறுத்தது; குளிரில் வளர்ந்தவை கருத்துப் பிறக்கும். சமவெளிக் கூட்டத்தை மார்கழியில் மலையில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் கருத்துத்தான் தெரியும். அறையை விட்டு அப்போதுதான் வெளியே வந்த குஞ்சு வெளிறியிருக்கும். ராணி பல ஆண்களோடு சேர்வதால், ஒரே அடைச் சட்டத்தில் கருத்த அக்காவும் வெளுத்த தங்கையும் பக்கத்துப் பக்கத்தில் நடப்பார்கள். முதல் சல்லடையாக நிறத்தை வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பி ராணியைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கக் கூடாது.

அளவுகோல்

தேனீயை அளந்து பிரிப்பது புதிய வேலை இல்லை. 1978-ல் தேனீ ஆய்வாளர் ருட்னரும் கூட்டாளிகளும் நாக்கின் நீளம், பின்னங்காலின் பாகங்கள், வயிற்றுத் தகடு, சிறகு, சிறகு நரம்புகளுக்கு இடையிலான கோணங்கள் என்று சுமார் நாற்பது அளவுகளை ஒழுங்குபடுத்தினார்கள். அதே ஆண்டில் டேலியும் பாலிங்கும், அமெரிக்கக் கண்டத்தில் பரவிக்கொண்டிருந்த ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீயை ஐரோப்பியத் தேனீயிலிருந்து பிரிக்க இப்படிப்பட்ட அளவுகளையே பயன்படுத்தினார்கள். வெறும் கண்ணுக்கு அந்த இரண்டும் ஒன்றுபோல இருக்கும். எண்கள் பிரித்துக் காட்டின.

இதற்கு வேண்டியது ஒரு நுண்ணோக்கி, கண்ணாடி அளவுகோல், பொறுமை. செலவு அதிகமில்லை. நேரம்தான் விழுங்கும், ஒரு தேனீயைப் பிரித்து ஒட்டி எல்லாப் பாகத்தையும் அளக்கவே நல்ல பொழுது போய்விடும்.

எனக்கு இதில் இருக்கும் பெரிய மனக்குறை நேரம் பற்றியது அல்ல. நீளம் என்பது வளர்ப்பையும் காட்டிவிடுகிறது. பழைய அடையில் ஒவ்வொரு தலைமுறையும் விட்டுப்போகும் கூட்டுப்புழு உறையின் மெல்லிய தோல் அறைக்குள் படிந்து, அறை சுருங்கும். அதில் பிறக்கும் தேனீயும் சின்னதாகும். மகரந்தம் குறைந்த மாதத்தில் வளர்ந்ததும் அப்படியே. முன்சிறகு கால் மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் அது சமவெளி ரத்தமா, கறுத்துப்போன பழைய அடையா? நீளத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

விகிதம் எடுத்தால் இந்தத் தொல்லை குறையும் என்பார்கள். தேனீ ஆராய்ச்சியில் பெயர்பெற்ற க்யூபிட்டல் குறியீடு அப்படிப்பட்ட விகிதம்தான். முன்சிறகின் நடுவில் உள்ள ஒரு நரம்பறையின் அடி நரம்பை, கீழிருந்து வந்து சேரும் இன்னொரு நரம்பு இரண்டு துண்டாகப் பிரிக்கிறது. நீண்ட துண்டைக் குட்டைத் துண்டால் வகுத்தால் குறியீடு. வெளிநாட்டிலிருந்து வந்த இத்தாலியத் தேனீயில் இது சுமார் 2.5, இந்தியத் தேனீயில் பெரும்பாலும் 3-ஐத் தாண்டும். யோசனை நல்லதுதான், கணக்கில்தான் சிக்கல். நீண்ட துண்டு 0.50 மில்லிமீட்டர், குட்டைத் துண்டு 0.13 என்று வைத்துக்கொள்வோம், குறியீடு 3.85. அதே குட்டைத் துண்டை இன்னொருவர் 0.15 என்று வாசித்தால் 3.33. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கை பிசகினால் தேனீ வேறு கட்சிக்குப் போய்விடுகிறது.

இடையில் ஒன்று. உங்கள் கேள்வி இத்தாலியத் தேனீயா இந்தியத் தேனீயா என்பதாக இருந்தால் அளக்கவே வேண்டாம். பின்சிறகை லென்ஸில் பாருங்கள். நடு நரம்பு குறுக்கு நரம்பைத் தாண்டிச் சிறகின் ஓரத்தை நோக்கி ஒரு சின்ன வாலாக நீண்டிருந்தால் இந்தியத் தேனீ. அந்த வால் இல்லாவிட்டால் இத்தாலியத் தேனீ.

சிறகின் வடிவம்

கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல நான் முதலில் எடுப்பது இந்த வழியைத்தான்.

தேனீயின் முன்சிறகை ஈரம் இல்லாமல் இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பு நரம்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்கள் கூர்மையாகத் தெரியும். அந்தச் சந்திப்புகளில் 19 இடங்களைப் புள்ளியாகக் குறிப்பது தேனீ ஆய்வில் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் கணினியில் இரண்டு எண். ஒரு சிறகுக்கு மொத்தம் 38 எண். பிறகு மென்பொருள் எல்லாச் சிறகுகளையும் ஒரே மையத்துக்குக் கொண்டுவந்து, ஒரே பருமனுக்குச் சுருக்கி அல்லது விரித்து, ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும்படி திருப்புகிறது. வாசலில் போட்ட பெரிய புள்ளிக் கோலமும் நோட்டுப் புத்தகத்தில் போட்ட சின்னக் கோலமும் ஒரே கோலம்தானா என்று பார்ப்பது போன்ற வேலை இது. பருமன் கழிந்துபோகும். புள்ளிகள் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்பது மட்டும் மிஞ்சும்.

பழைய அடையில் பிறந்து சின்னதாகப் போன தேனீ இங்கே பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. முழுக்க என்று சொல்ல மாட்டேன். உடம்பு சிறுக்கும்போது வடிவமும் சிறிது மாறும், அதையும் கணக்கில் கழிக்க வழி இருக்கிறது. க்யூபிட்டல் குறியீடு இரண்டே துண்டுகளை நம்பி நிற்கிறது. இங்கே 19 புள்ளிகளும் சேர்ந்து பேசுவதால் ஒரு புள்ளியில் கை நடுங்கினாலும் முடிவு தலைகீழாவதில்லை. மென்பொருள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன: புள்ளி குறிக்க டி.பி.எஸ்.டிக், கணக்குப் போட மார்ஃபோஜே. ஐடென்டிஃபிளை என்பது தேனீச் சிறகுக்கென்றே வந்தது.

படம் எடுப்பதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஜெராக்ஸ் கடை ஸ்கேனரில் 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து எடுத்தால் ஒரு படப்புள்ளி 0.042 மில்லிமீட்டர்; 8 மில்லிமீட்டர் சிறகு இருநூறு படப்புள்ளிகூடத் தேறாது. 2400-ல் எடுத்தால் ஒரு படப்புள்ளி 0.011 மில்லிமீட்டருக்கு உள்ளே வந்துவிடும், சந்திப்புகள் தெளிவாக நிற்கும். அப்படிப்பட்ட ஸ்கேனர் இல்லையென்றால் கல்லூரி நுண்ணோக்கியின் கேமரா போதும். செல்போனைக் கண்வில்லையில் வைத்து எடுப்பவர்கள் சிறகை நட்டநடுவில் வைக்க வேண்டும். ஓரத்தில் வில்லை படத்தை வளைத்துவிடும், நாம் அளக்க வந்ததோ வடிவத்தை. எல்லாத் தேனீயிலும் ஒரே பக்கச் சிறகு, வலது என்றால் வலதுதான். புள்ளி குறிப்பவர் ஒருவராக இருப்பது நல்லது. அவரே சில சிறகுகளை ஒரு வாரம் கழித்து, முதலில் குறித்ததைப் பார்க்காமல் மறுபடி குறிக்கட்டும். இரண்டு முறைக்கும் இடையிலான வித்தியாசம் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசத்தை நெருங்கினால், அந்த எண்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இந்த முறையின் பலவீனம், ஒப்பிட ஆள் வேண்டும் என்பது. தனியாக ஒரு சிறகு எதையும் சொல்லாது. இது நிச்சயம் மலைத் தேனீ, இது நிச்சயம் சமவெளித் தேனீ என்று தெரிந்த மாதிரிகள் கையில் இருந்தால்தான், தெரியாதது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க முடியும். வெளிநாட்டு மாதிரிகளை வைத்துப் பழக்கிய மென்பொருளிடம் பழனி மலைச் சிறகைக் கொடுத்தால், அது தனக்குத் தெரிந்த பெயர்களில் ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் செய்யும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

டி.என்.ஏ.

"டி.என்.ஏ. பார்த்துவிட்டால் முடிந்தது" என்ற எண்ணம் இப்போது மாணவர்களிடம் வேரூன்றிவிட்டது. பூச்சிகளுக்கு வழக்கமாகப் பார்ப்பது, உயிரணுவுக்குள் உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. மரபணுவின் ஒரு துண்டு, சுமார் 658 எழுத்து நீளம். ஒரு கால் கிடைத்தாலும் போதும். புழுவாக இருந்தாலும், சிறகு கிழிந்திருந்தாலும் வேலை நடக்கும். அந்த வகையில் அளவு முறைகள் எதுவும் இதற்கு ஈடாகாது.

ஆனால் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டும் வருவது. சமவெளி ராணி ஒன்று மலைக்கு வந்து, அதன் மகள் மலை ஆண்களோடு சேர்ந்து, அதன் பேத்தியும் அப்படியே சேர்ந்தால், பிறக்கும் தேனீ உடம்பில் முக்கால் பங்கு மலைத் தேனீ. சோதனை அறிக்கையிலோ அது அசல் சமவெளித் தேனீ. ராணியை மாற்றி மாற்றி வளர்க்கும் நம் தோட்டங்களில் நடக்க வாய்ப்புள்ளதே இந்த மாதிரிக் கலப்புதான். அதைப் பிடிக்க உட்கரு மரபணுக்களைப் பார்க்க வேண்டும்; செலவும் ஆய்வக வேலையும் பல மடங்காகும். ஆகவே டி.என்.ஏ.வை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்வேன்: ஒப்பீட்டு மாதிரிகளின் தாய்வழியை உறுதி செய்ய, சிறகு சொன்னதில் சந்தேகம் விழுந்த சில கூட்டங்களைச் சோதிக்க. எல்லாப் பெட்டிக்கும் அனுப்புவது பணத்தைத் தண்ணீரில் விடுவது.

ஆண் தேனீயின் நேரம்

கைக்கடிகாரம் இருந்தால் போதும் என்பதால் இந்த வழியை யாரும் மதிப்பதில்லை. போர்னியோவில் ஒரே காட்டில் வாழும் தேனீ இனங்களின் ஆண்கள் வெவ்வேறு நேரத்தில் பறக்கின்றன என்று பதிவாகியிருக்கிறது. நேரமே அவற்றைக் கலக்க விடாமல் காக்கிறது. சுலவேசித் தீவில் பொந்துத் தேனீக்கள் இரண்டு தனிக் குழுவாக நிற்பதை 1995-ல் அளவுகள் காட்டின. அடுத்த ஆண்டே ஆண் தேனீ பறக்கும் நேரமும் தனித்தனி என்று பதிவானது. ஏபிஸ் நிக்ரோசிங்டா தனி இனம் என்ற முடிவு அதற்குப் பிறகுதான் வலுத்தது.

"இரண்டும் தனி இனமா?" என்ற கேள்விக்கு இதைவிட நேரான சான்று குறைவு. பெரும்பாறையில் கறுப்புப் பெட்டியும் மஞ்சள் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் தோட்டம் ஒன்றில், ஆண் தேனீ நிறைந்த பருவத்தில், மதியத்துக்கு மேல் வாசலில் உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு முறை வெளியே போகும் ஆண்களை எண்ணினால் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். உடம்பு பருத்து, கண் பெரிதாக இருப்பதால் ஆணைத் தவறவிட வாய்ப்பில்லை. மூடுபனி இறங்கும் நாளை ஒதுக்கிவிட வேண்டும், அன்று எதுவும் சரியாகப் பறக்காது. ஆனால் ஒரு பெட்டியின் அடையாளத்தைச் சொல்ல இது உதவாது. ஆண் தேனீ பக்கத்துப் பெட்டிக்குள்ளும் தடையில்லாமல் நுழையும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் கூட்டங்களில் எவற்றைப் பெருக்கலாம் என்று முடிவு செய்ய நினைத்தால்: நிறத்தால் ஒரு முதல் பிரிப்பு, பிறகு முன்சிறகின் 19 புள்ளி. வேறெதுவும் ஆரம்பத்தில் தேவையில்லை. முதுகலை மாணவர் ஒருவர் ஆய்வேட்டுக்கு எடுத்தால், அதே சிறகுகளோடு ஆண் தேனீ நேரத்தையும் சேர்க்கட்டும். நாற்பது அளவு எடுக்கும் பழைய முறையை, 1978 முதல் சேர்ந்துள்ள எண்களோடு ஒப்பிட வேண்டிய கட்டாயம் இருந்தால் ஒழிய, இன்று புதிதாகத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

முறையைவிட மாதிரி எடுப்பதில்தான் காரியம் கெடுகிறது. வத்தலக்குண்டில் கொஞ்சம், கொடைக்கானலில் கொஞ்சம் என்று இரண்டு முனையில் மட்டும் எடுத்தால், எந்தக் கணக்குப் போட்டாலும் இரண்டு குழுவாகத்தான் பிரியும். கீழிருந்து மேலே ஏற ஏறச் சிறகு படிப்படியாக மாறுகிறதா, ஓர் உயரத்தில் சட்டென்று மாறுகிறதா என்பதுதான் தெரிய வேண்டியது. அடிவாரம், பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலை என்று இடைப்பட்ட உயரங்களும் இருந்தால்தான் அது தெரியும். மலைக்கான ஒப்பீட்டு மாதிரியைச் சோலைக்காட்டுப் பொந்துகளிலிருந்து எடுப்பது நல்லது. அந்தப் பொந்துகளை மலைவாழ் பழங்குடிகளான பளியர்களைப் போல அறிந்தவர் இல்லை. அவர்களைக் கூலிக்கு வழிகாட்டி என்று மட்டும் அழைக்காமல், மாதிரி எடுக்கும் வேலையில் பங்காளிகளாகவே சேர்க்க வேண்டும்.

ஒரு கூட்டத்தில் எடுத்த இருபது தேனீ இருபது சான்று ஆகாது. எல்லாம் ஒரே தாயின் மக்கள். சராசரி எடுத்து ஒரு கூட்டத்துக்கு ஒரு சான்று என்றுதான் எண்ண வேண்டும். பத்துப் பதினைந்து பணித் தேனீ போதும். மிச்ச உழைப்பை இன்னொரு கூட்டத்துக்குக் கொடுங்கள். வாசலில் பிடிப்பதைவிட, புழு அடைச் சட்டத்தில் நடக்கும் இளம் தேனீயை எடுப்பது மேல்: சிறகு கிழிந்திருக்காது, பக்கத்துப் பெட்டியிலிருந்து வழி தவறி வந்ததாகவும் இருக்காது.

மேலே சுமந்து வந்த பெட்டிகளே ஒரு நல்ல சோதனைக் களம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பணித் தேனீ சில வாரங்களே வாழும். மார்த்தாண்டத்துப் பெட்டி தாண்டிக்குடிக்கு வந்து மூன்று நான்கு மாதம் ஆகிவிட்டால், அதில் இருக்கும் பணித் தேனீ எல்லாம் மலைக் குளிரிலும் மலைப் பூவிலும் வளர்ந்தவை. அதன் பிறகும் சிறகு வடிவம் சமவெளிப் பக்கமே நின்றால் அது பிறவிக் குணம். மலைப் பக்கம் நகர்ந்துவிட்டால் ராணி மாறியதா, இடம் மாற்றியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதனால் பெட்டி வந்தவுடனே ராணியின் முதுகில் ஒரு பெயின்ட் பொட்டு வைத்துவிடுங்கள்.

கலப்பைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஆண் தேனீயை மறக்காதீர்கள். கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பதால் ஆணுக்கு அப்பன் வழி கிடையாது, ராணியின் மரபு மட்டும்தான். பணித் தேனீயில் இரண்டு வழியும் இருக்கும். ஆண்களின் சிறகு சமவெளிப் பக்கமும் பணித் தேனீயின் சிறகு நடுவிலும் விழுந்தால், ராணி கீழே இருந்து வந்தது, அப்பன்மார் இந்த மலையைச் சேர்ந்தவர்கள் என்று ஊகிக்கலாம். ஆணுக்கும் பணித் தேனீக்கும் சிறகமைப்பு வேறு என்பதால் ஆணுக்குத் தனியாக ஒப்பீட்டு மாதிரி சேர்க்க வேண்டும். வழி தவறி வந்த ஆண் கலந்துவிடாமல் இருக்க, மூடிய ஆண் அறைகளைக் கூண்டுக்குள் வைத்து, பொரித்து வந்ததும் எடுக்கவும். அந்த மூடியின் நடுவில் ஊசிக்குத்து போல ஒரு துளை இருக்கும். இந்தியத் தேனீயின் ஆண் அறைக்கே உரிய அடையாளம் அது.

மாசி, பங்குனி மழைக்குக் காப்பி பூக்கும்போது கூட்டங்கள் பெருகி, இளம் தேனீயும் ஆணும் ஒருசேரக் கிடைக்கும். மாதிரி எடுக்கத் தோதான காலம் அதுதான். தேனீக்களை ஃப்ரீசரில் வைத்து அடக்கி, 95 சதவீத ஆல்கஹாலில் போட்டுவையுங்கள்; சிறகுக்கும் ஆகும், பின்னால் டி.என்.ஏ. பார்க்கவும் ஆகும். குழாய்க்குள் போடும் சீட்டில் ஊர், உயரம், தேதி, பொந்தா பெட்டியா, பெட்டி என்றால் எங்கே எந்த ஆண்டு வாங்கியது, அடை பழையதா புதியதா என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.